மெழுகுவர்த்திக்கு விட்ட இடம்

எங்கள் ஊரில் எழுத்தக்காவின் கையெழுத்தைத் தின்னாதவர்கள் ரொம்பக் குறைவு. பத்தொன்பது வருடமாக எங்கள் பேக்கரியில் கேக் மேல் எழுதுவது அவர்தான். பிறந்தநாள், கல்யாணநாள், வேலையிலிருந்து ஓய்வு பெறும் நாள், ஒருமுறை ஒருவருக்கு விவாகரத்து கிடைத்த நாள், எல்லாமே அவர் கை வழியாகத்தான் போயின. ஒரு வயதில் அவர் எழுதிய கேக்கைப் பிசைந்து முகத்தில் பூசிக்கொண்ட பிள்ளைகள் இப்போது மீசையோடு வந்து காதலிக்கு எழுதித் தரச் சொல்லி நெளிகிறார்கள். அவருக்குச் சொந்தப் பெயர் ஒன்று உண்டு, பதிவேட்டில் இருக்கிறது. அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. அவரைவிடப் பதினைந்து வயது மூத்த முதலாளிகூட 'எழுத்தக்கா' என்றுதான் கூப்பிடுவார், கூப்பிட்டுவிட்டு 'நீ' என்று பேசுவார்.

நான் அதே கடையில் பெட்டி மடிப்பவன். என் மேஜை அவர் மேஜைக்குப் பக்கத்தில். அவர் எழுதி முடித்ததும் நான் பெட்டியில் வைத்துக் கயிறு கட்டுவேன். ஆகவே அவர் எழுத்தை ஊரில் முதலில் படிப்பவன் நான்தான். இதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு, மறைப்பானேன்.

அவர் இந்தக் கடைக்கு வந்தது எழுத அல்ல, ட்ரே கழுவ. அடுப்பிலிருந்து வரும் தகர ட்ரேக்களில் ஒட்டிய கருகலைச் சுரண்டி, வெந்நீரில் முக்கி, துடைத்து அடுக்கும் வேலை. கடையின் பின்பக்கம், ஜன்னல் இல்லாத அறை. மூன்று வருடம் அங்கே இருந்தார். ஒருநாள் அப்போது எழுதிக்கொண்டிருந்தவர் சொல்லாமல் கொள்ளாமல் வேலையை விட்டுப் போய்விட்டார். மூன்று கேக்குகள் எழுத்தில்லாமல் காத்திருந்தன, முதலாளி வியர்த்துக்கொண்டிருந்தார். இவர் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்து, "நான் எழுதிப் பாக்கட்டுமா?" என்றார். எழுதினார். எல்லோரும் வாயைப் பிளந்தோம். எங்கே கற்றுக்கொண்டாய் என்று கேட்டால், கழுவுவதற்கு முன்னால் ட்ரேக்களைக் கவிழ்த்துப் போட்டு, மீந்த கிரீமில் தினமும் எழுதிப் பார்ப்பாராம். மூன்று வருடம் தினமும் எழுதி, தினமும் தன் கையாலேயே கழுவியிருக்கிறார்.

அன்றிலிருந்து தெருவைப் பார்த்த கண்ணாடி ஜன்னலோரம் இருக்கும் மேஜை அவருடையதானது. பட்டர் பேப்பரை முக்கோணமாக வெட்டிக் கோன் சுருட்டுவார். நுனியைக் கத்தரிக்கோலால் மயிரிழை அளவு கத்தரிப்பார். எழுதத் தொடங்கினால் மூச்சுக்கூட விடமாட்டார். எழுத்துகள் ஒன்றோடொன்று கைகோத்து நிற்கும். கடைசியில் ஓர் அலை போட்டு மூன்று புள்ளி வைப்பார். எழுத வேண்டியது எவ்வளவு நீளமாக இருந்தாலும் மேலே நடுவில் நான்கு விரல் அகலத்துக்கு இடம் விட்டுவிடுவார். அது மெழுகுவர்த்திக்கு. தெருவில் போகிறவர்கள் நின்று வேடிக்கை பார்ப்பார்கள். அதில் அவருக்கு வெட்கமும் இல்லை, அலட்டலும் இல்லை. சந்தோஷம் உண்டு. அந்த மேஜையில் உட்கார்ந்திருக்கும்போது அவரைப் போலச் சந்தோஷமான மனுஷியை நான் பார்த்ததில்லை.

நகரசபைத் தேர்தல் வந்தது. இந்தத் தடவை ஊரில் ஒரே பேச்சுதான். கடைத்தெருவில் வண்டிகள் வரலாமா, கூடாதா? ஒரு கட்சி, தெருவை நடப்பவர்களுக்கு விட்டுவிடுவோம் என்றது. இன்னொரு கட்சி, வண்டி வராவிட்டால் கடைகள் ஈயோட்டும் என்றது. ஊர் இரண்டாகப் பிளந்தது. எங்கள் பேக்கரியும் பிளந்தது.

எழுத்தக்கா நடப்பவர்கள் பக்கம். அடுப்பைக் கவனிக்கும் மாஸ்டர் வண்டிகள் பக்கம். "மாவு மூட்டையைத் தெருமுனையிலேருந்து என் முதுகுல தூக்கிட்டு வரச் சொல்றியா தங்கச்சி? என் முதுகை வந்து பாத்திருக்கியா?" என்பார் மாஸ்டர். "முதுகுக்குக் கைவண்டி இருக்கு. தெருவைக் கடக்கறவங்களுக்கு என்ன இருக்கு மாஸ்டர்?" என்பார் இவர். காலை ஐந்திலிருந்து ஏழு வரை, முதல் ஈடு ரொட்டி வேகிற நேரமெல்லாம் இதே சண்டைதான். சும்மா பேச்சுக்குச் சண்டை இல்லை, மாவு பறக்கும் சண்டை. ஏழு மணிக்குத் தேநீர் வந்ததும் ஒரே பன்னை இரண்டாகப் பிய்த்து ஆளுக்குப் பாதி தின்பார்கள். என்னைக் கேட்டால், "ரெண்டு பக்கமும் நியாயம் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் பெட்டி மடிக்கக் குனிந்துகொள்வேன். அது கருத்தே இல்லை, ஒளிந்துகொள்ள ஓர் இடம்.

முதலாளிக்குக் கருத்து என்று ஒன்று இருப்பதாகவே எங்களுக்குத் தெரியாது. எதைக் கேட்டாலும் ஒரே பதில்தான்: "நமக்கு எல்லாரும் கஸ்டமர்."

எழுத்தக்காவின் மாமியார் ஒரு தனிப் பிறவி. இரண்டு வருடத்துக்கு முன் இடுப்பு எலும்பு முறிந்து, நான்கு கால் ஸ்டாண்டைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார். கடைத்தெருவைக் கடக்க அவருக்குக் கால் மணி நேரம் ஆகும். ஹாரன் அடித்தால் நடுத்தெருவிலேயே நின்று திரும்பி, அடித்தவன் குடும்ப நலனையெல்லாம் பொறுமையாக விசாரித்துவிட்டுத்தான் நகர்வார். ஒரு ஞாயிறு மாலை நடப்பவர்கள் கட்சியின் கூட்டம் இருந்தது. எங்கள் கடை ஞாயிறு மதியத்தோடு மூடிவிடும். மாமியார் காலையிலேயே சொல்லிவிட்டார்: "ஏம்மா, ஊருக்கெல்லாம் எழுதறே. கூட்டத்துக்குக் கொண்டுபோக எனக்கு ஒரு அட்டை எழுதித் தரக் கூடாதா?"

இதில் ஒரு சிக்கல். எழுத்தக்காவுக்குப் பேனா பிடித்தால் வராது, வெறும் கோழிக் கிறுக்கல்தான். அதனால் பெயிண்டில் கோந்து கலந்து கெட்டியாக்கி, தடித்த தாளில் கோன் சுருட்டி, அட்டையைக் கேக்கைப் போலவே மேஜையில் படுக்கப் போட்டு எழுதினார். 'கடைத்தெரு கால்களுக்கே!' கீழே அலை, மூன்று புள்ளி. கூட்டத்தில் மாமியாரின் இரண்டு கையும் ஸ்டாண்டைப் பிடித்திருந்ததால் அட்டையை இவரே பிடிக்க வேண்டியதாயிற்று. மாலை வெயிலில் கண் கூசியது. அட்டையை முகத்துக்கு நேராக உயர்த்திக்கொண்டார்.

மறுநாள் செய்தித்தாளில் படம் வந்தது. பொக்கை வாயைத் திறந்து சிரிக்கும் மாமியார், பக்கத்தில் ஓர் அட்டை, அதைப் பிடித்த இரண்டு கைகள். முகமும் இல்லை, பெயரும் இல்லை. எட்டு மணிக்குள் கடைக்கு வந்த ஏழு பேர் சொல்லிவிட்டார்கள்: "எழுத்தக்கா அட்டை பிரமாதம்." ஏழாவது ஆள் இன்னும் ஒருபடி மேலே போய், "மெழுகுவர்த்தி ஏத்த மறந்துட்டாங்களா?" என்றார்.

அப்போதுதான் நாங்கள் உற்றுப் பார்த்தோம். அட்டையின் மேலே நடுவில் நான்கு விரல் அகலத்துக்கு வெற்றிடம். எழுத்தக்கா படத்தை வாங்கிப் பார்த்தார். "ஐயோ, இடம் விட்டிருக்கேனே!" என்று சிரிக்க ஆரம்பித்தவர், வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். மாஸ்டர் அடுப்பைவிட்டு ஓடிவந்து பார்த்துத் தானும் சிரித்தார். அன்றைக்கு இரண்டாவது ஈடு ரொட்டி லேசாகக் கருகிப்போனது.

பத்து மணிக்கு முதலாளிக்குப் போன் வந்தது. பேசியவர் வணிகர் சங்கத் தலைவர், அவர் வண்டிகள் பக்கம். சங்க ஆண்டு விழாவுக்கு ஊரிலேயே பெரிய கேக்கை எங்களிடம்தான் வாங்குவார்கள். முதலாளி "ஆமாங்க, இல்லீங்க, சரிங்க" என்று மூன்றே சொல்லில் பேசி முடித்துவிட்டு, எழுத்தக்காவை மாவு அறைக்குள் கூப்பிட்டார். நான் ஒட்டுக்கேட்கவில்லை, பெட்டி அட்டை எடுக்கத்தான் அந்தப் பக்கம் போனேன். சரி, ஒட்டுத்தான் கேட்டேன்.

"படத்துல இருக்கறது நீயா?"

"கை என்னுது. எழுத்தும் என்னுது."

"பாரு, உன் எழுத்தைப் பாத்தா ஊருக்கு நம்ம கடைதான் ஞாபகம் வரும். நீ ஒண்ணு எழுதினா நான் எழுதின மாதிரி. இந்தக் கடையை நம்பி பதினோரு குடும்பம் இருக்கு. நாளைக்கு அந்தப் பக்கத்து ஆளுங்க கேக் வாங்க வரலைன்னா என் வீட்டுல மட்டுமா உலை வைக்க மாட்டாங்க?"

இதைக் கேட்டபோது எனக்கே நியாயம்தானே என்று தோன்றியது. முதலாளி கெட்டவர் இல்லை, பயந்தவர். பயந்தவர்களை எனக்கு நன்றாகத் தெரியும், தினமும் காலையில் கண்ணாடியில் ஒருவனைப் பார்க்கிறேன்.

அவரே வழியும் சொன்னார். "ஒண்ணு பண்ணு. மாமியார் கேட்டாங்க, எழுதிக் கொடுத்தேன்னு சொல்லிடு. கேக்குக்கு எழுதறது இல்லையா, அது மாதிரி. நானும் சங்கத் தலைவருக்குப் போன் பண்ணி அப்படியே சொல்லிடறேன். விஷயம் முடிஞ்சது."

"அத்தை கேட்டது வாஸ்தவம்தான் முதலாளி. ஆனா அவங்க அட்டைதான் கேட்டாங்க. வார்த்தை என்னுது. பிடிச்சுக்கிட்டு நின்னதும் நான்தான்."

"ஒரு வார்த்தை மாத்திச் சொல்றதுல என்ன குறைஞ்சிடப் போறே?"

அவர் முடியாது என்று தலையாட்டினார். முதலாளி கொஞ்ச நேரம் சாவிக்கொத்தை உருட்டிக்கொண்டிருந்தார். "அப்ப ட்ரே பக்கம் போயிடு. எப்ப உனக்கு அப்படிச் சொல்லத் தோணுதோ, அன்னிக்கே மேஜை உனக்கு" என்றார்.

எழுத்தக்கா வெளியே வந்தார். கத்தரிக்கோலைத் துடைத்து இழுப்பறையில் வைத்தார். சுருட்டி வைத்திருந்த நான்கு கோன்களை என் மேஜையில் வைத்துவிட்டுப் பின்பக்கம் போனார். கண் கலங்கியிருந்தது. இருபத்திரண்டு வருடத்துக்கு முன் தொடங்கிய இடத்துக்கே அவரை அனுப்பியிருக்கிறார்கள், நானோ பெட்டி மடித்துக்கொண்டிருக்கிறேன்.

வீட்டில் மாமியார் குதித்தாராம். ஸ்டாண்டோடு எவ்வளவு குதிக்க முடியுமோ அவ்வளவு. இதெல்லாம் எழுத்தக்கா பிறகு எங்களுக்கு நடித்தே காட்டினார். "என் பேரைச் சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே! எனக்கு என்ன, வேலையா போயிடும்? எழுபத்தாறு வயசுல என்னை எவன் எங்கே மாத்துவான்?" என்று மாமியார் கேட்டிருக்கிறார்.

"அத்தை, பத்தொன்பது வருஷமா மத்தவங்க சொல்லச் சொன்னதையே எழுதறேன். என் வார்த்தைன்னு நான் எழுதினது இது ஒண்ணுதான். அதையும் உங்க தலையில கட்டிடச் சொல்றீங்களா?" என்றிருக்கிறார் மருமகள்.

மாமியார் சற்று நேரம் பேசவில்லையாம். அந்த வீட்டில் அது ஓர் அதிசயம். தையல் மெஷின் பழுது பார்க்கும் கணவர், என்னமோ ஆகிவிட்டது என்று பயந்து கையிலிருந்த திருப்புளியோடு ஓடிவந்தாராம்.

கடையில் கேக்குகளுக்கு எழுத ஆள் வேண்டுமே? முதலாளி என்னைப் பார்த்தார். நான் அக்கம்பக்கம் பார்த்தேன். வேறு யாரும் இல்லை. அந்த வாரம் நான் செய்த அட்டூழியத்தை ஊர் இன்னும் சொல்லிச் சிரிக்கிறது. முதல் கேக்கில் 'இனிய பிறந்த' வரை மேலே வந்தது, 'நாள்' பக்கவாட்டில் இறங்கித் தட்டுக்குப் போய்விட்டது. இரண்டாவதில் பையன் பெயருக்கு இடமில்லாமல் அவனுடைய அப்பா பெயரின் முதலெழுத்தோடு நிறுத்திக்கொண்டேன். வெள்ளிவிழாக் கல்யாணநாள் கேக்கைப் பார்த்த ஓர் அம்மாள், "பரவாயில்ல, எங்க கல்யாணமும் இப்படித்தான் கோணல்மாணலா ஓடிக்கிட்டிருக்கு" என்று எடுத்துப் போனார். எழுத்தக்கா பின்பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்து, சிரிப்பை அடக்க முடியாமல், "மூச்சை விடாதீங்க, கோனை அமுக்காதீங்க, தானா வரும்" என்று எனக்குப் பாடம் எடுப்பார். கடைசிவரை வரவேயில்லை.

சனிக்கிழமை காலை மாஸ்டர் ஓர் அட்டையை அக்குளில் இடுக்கிக்கொண்டு ட்ரே அறைக்குள் போனார். நானும் பின்னாலேயே போனேன்.

"தங்கச்சி, நாளைக்கு எங்க கட்சிக் கூட்டம். எனக்கு ஒண்ணு எழுதிக் கொடு. 'வண்டி வந்தால்தான் வாழ்வு'ன்னு."

எழுத்தக்கா சோப்புக் கையோடு அவரைப் பார்த்தார். "மாஸ்டர், நீங்க சொல்றது முழுத் தப்புன்னு உங்களுக்குத் தெரியுமில்ல?"

"நீ சொல்றதுதான் தப்பு. அது இருக்கட்டும். என் எழுத்தை யாரும் படிக்க முடியாது. எழுதித் தருவியா மாட்டியா?"

அவர் கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். தன் அட்டைக்கு எடுத்துக்கொண்ட நேரத்தைவிட மாஸ்டர் அட்டைக்கு அதிக நேரம் எடுத்துக்கொண்டார். ஒவ்வோர் எழுத்தும் பிரமாதம். அலையும் புள்ளியும் வந்தன. மேலே நடுவில் இடமும் விட்டார், இந்தத் தடவை வேண்டுமென்றே. மாஸ்டர் அட்டையைத் தூரத்தில் பிடித்துப் பார்த்து, "எதிரிக்கு இவ்வளவு அழகா எழுதறியே, உனக்குப் பைத்தியமா?" என்று குழந்தையைப் போலச் சிரித்தார்.

திங்கட்கிழமை செய்தித்தாளில் அதுவும் வந்தது. இதில் மாஸ்டர் முகம் பளிச்சென்று தெரிந்தது. முதலாளி படத்தைப் பார்த்தார், பழைய படத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். முகம் மலர்ந்துபோனது. நேராக ட்ரே அறைக்குப் போனார்.

"எழுத்தக்கா, நல்ல வேலை பண்ணே! அந்தப் பக்கமும் நீ எழுதறே, இந்தப் பக்கமும் நீ எழுதறே. ஆக, இது வெறும் எழுத்து. யார் கேட்டாலும் எழுதறே, அவ்வளவுதான். இனிமே போன் வந்தா இதையே சொல்லிடுவேன். வா, மேஜைக்கு வா."

எனக்கு அப்பாடா என்றிருந்தது. எழுத்தக்கா எழுந்து, தோளில் கிடந்த துணியை எடுத்தார். பிறகு நின்றுவிட்டார்.

"மாஸ்டர் அட்டை நீங்க சொல்ற மாதிரிதான் முதலாளி. கருத்து அவருது, எழுத்து மட்டும் என்னுது. முதல் அட்டை அப்படி இல்லை. அதுல ரெண்டுமே என்னுது. நீங்க மாத்திச் சொன்னா, அது பொய்னு நான் சொல்லுவேன்."

"உனக்கு மேஜை வேணாமா?"

"வேணும்" என்றார். "ராத்திரி தூக்கத்துலகூட எழுதிக்கிட்டுதான் இருக்கேன். ஆனா பொய் சொல்லிட்டு அங்க உக்காந்தா எனக்குக் கை நடுங்கும். நடுங்கற கையால எழுத முடியாது."

முதலாளிக்குக் கோபம் வந்துவிட்டது. "அப்ப இங்கேயே கிட" என்று திரும்பினார். வாசலை மறித்துக்கொண்டு மாஸ்டர் நின்றிருந்தார், மாவு படிந்த கையில் செய்தித்தாளோடு.

"முதலாளி, ஒரு சந்தேகம். நானும் தெருவுல நின்னு கருத்து சொல்லியிருக்கேன், மூஞ்சியைக் காட்டியே சொல்லியிருக்கேன். என்னை ஏன் ட்ரே கழுவ அனுப்பலை?"

"உன்னைப் பத்தி யாரும் போன் பண்ணலையே!"

"அதான் கேக்கறேன். கருத்து சொல்றது குத்தம்னா எனக்கும் தண்டனை உண்டு. போன் வர்ற கருத்து மட்டும்தான் குத்தம்னா, அதை முன்னாடியே சொல்லியிருக்கணும்." மாஸ்டர் உள்ளே வந்தார், தொட்டிப் பக்கத்தில் குந்தினார், ஒரு ட்ரேயை எடுத்துச் சுரண்ட ஆரம்பித்தார். எழுத்தக்கா அவர் தோளில் ஒரு தட்டு தட்டி, "மாஸ்டர், அடுப்பு!" என்றார். "அடுப்பு என்னைக்கும் கருத்து சொன்னதில்ல. அது நல்லா இருக்கும்" என்றார் மாஸ்டர், தலை நிமிராமல்.

நான் செய்த ஒரே வீரச் செயலை இங்கே சொல்லிவிடுகிறேன். நானும் உள்ளே போய் ஒரு ட்ரேயை எடுத்தேன். ஒன்றும் பேசவில்லை, பேசியிருந்தால் நாக்கு குழறியிருக்கும். ஆனால் எடுத்தேன். மூன்று பேர் கழுவினோம். கடை முழுக்க ரொட்டி வாசனை குறைந்துகொண்டே வந்தது. முதலாளி கல்லாவுக்கும் அடுப்புக்கும் நடுவில் நடந்து நடந்து, கடைசியில் தானே ஒரு பன் ட்ரேயை வெளியே இழுத்து விரலைச் சுட்டுக்கொண்டார்.

அன்று மதியம் ஒரு முழ நீளப் பலகையோடு வந்தார். அவருக்கும் நியாயம் தெரியும். எல்லோருக்கும் ஒரே விதியாகப் போட்டுவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்று முடிவு செய்திருந்தார். அதைப் பலகையில் எழுதிக் கடை வாசலில் மாட்டப் போகிறாராம். எழுதுவது யார்? என்னை ஒருமுறை பார்த்தார், வெள்ளிவிழா கேக் ஞாபகம் வந்திருக்க வேண்டும், பார்வையைத் திருப்பிக்கொண்டார். "எழுத்தக்கா, இதை மட்டும் எழுதிக் கொடுத்துட்டுப் போ" என்றார்.

எழுத்தக்கா ஜன்னலோர மேஜையில் உட்கார்ந்து கோன் சுருட்டினார். "சொல்லுங்க."

"இக்கடையில் பணிபுரியும் ஊழியர்கள் எவரும், கடைக்கு உள்ளேயோ வெளியிலோ, எவ்விதமான அரசியல் கருத்துகளையும் தெரிவிக்கக் கூடாது. அப்படித் தெரிவிக்கப்படும் கருத்துகளுக்கும் இந்நிறுவனத்துக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை என்பதை வாடிக்கையாளர்களுக்கு..."

"முதலாளி, இவ்வளவு கொள்ளாது. தெருவிலேருந்து படிக்கணும்னா எட்டு வார்த்தை, மிஞ்சிப்போனா ஒம்பது."

இது அவர் தினமும் செய்கிற வேலைதான். வருகிறவர்கள் எல்லோரும் ஒரு பக்கக் கடிதத்தோடு வருவார்கள், கேக்கோ ஒரு சாண் அகலம். 'எதைச் சொல்லியே ஆகணும்?' என்று கேட்டுக் கேட்டு, நான்கு சொல்லாக்கி அனுப்புவார். சிலர் அந்த நான்கு சொல்லைக் கேட்டதும் அங்கேயே அழுததுண்டு.

"'வெளியிலோ'ங்கறது வேணுமா?" என்று கேட்டார். "வெளியில எங்களுக்கு நீங்க சம்பளம் தர்றதில்லையே."

"சரி, அதை எடு."

"உள்ளே கூடாதுன்னா, உங்களையும் சேத்துத்தானா? நீங்களும் இங்கதானே வேலை செய்யறீங்க."

"நான் என்னைக்கு என் கருத்தைச் சொன்னேன்?" என்றார் முதலாளி. "கடை தொறந்த நாளிலேருந்து, முப்பத்தொரு வருஷமா, வாயைத் தொறக்கலை. என் சம்சாரம்கிட்டகூடச் சொன்னதில்ல, அவ கடைப் பக்கம் வந்து உளறிடுவாளோன்னு." சொல்லிவிட்டு அவரே திகைத்துப்போய் நின்றார். அவரைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது.

எழுத்தக்கா கோனைக் கீழே வைத்தார். "முதலாளி, யாரும் கருத்து சொல்லக் கூடாதுன்னா நினைக்கறீங்க? எதைச் சொல்லியே ஆகணும் உங்களுக்கு?"

"எனக்கா?" முதலாளி ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "நீங்க யார் என்ன வேணா சொல்லிக்கோங்க. அதுக்காக என் கழுத்தைப் பிடிக்காதீங்கன்னு ஊர்க்காரங்ககிட்ட சொல்லணும். கேக் நல்லா இல்லைன்னா என்னைக் கேளு. மத்தது எதுக்கும் என்னைக் கேக்காதே. அவ்வளவுதான்."

"அப்ப அதையே எழுதிடுவோம்."

எழுதினார். முதலாளி தலையைச் சாய்த்து ஒவ்வோர் எழுத்தாகப் படித்துக்கொண்டே வந்தார்.

'வேலை செய்பவர்களின் கருத்து அவர்களுடையது. கேக் மட்டுமே எங்களுடையது.'

"ஏழு வார்த்தைதான் ஆச்சு" என்றார் எழுத்தக்கா. "இன்னும் ஏதாவது சேக்கணுமா?"

முதலாளி வெகுநேரம் பலகையைப் பார்த்தார். "வேணாம்" என்றார். பலகையைத் தானே வாசலில் ஆணி அடித்து மாட்டினார். உள்ளே வந்து வணிகர் சங்கத் தலைவருக்குப் போன் போட்டு, அந்த ஏழு சொல்லை அப்படியே வாசித்தார். அந்தப் பக்கம் என்ன சொன்னார்களோ தெரியாது. இவர் இரண்டாவது முறையும் வாசித்துவிட்டுத்தான் போனை வைத்தார். பிறகு திரும்பிப் பார்த்து, "எல்லாரும் ஏன் சும்மா நிக்கறீங்க? மாஸ்டர், அடுப்பு!" என்று கத்தினார். எழுத்தக்கா மேஜையை விட்டு எழுந்திருக்கவே இல்லை. யாரும் எழுந்திருக்கச் சொல்லவும் இல்லை. நான் ஒரு பெட்டியை மடித்தேன், அது அவ்வளவு நேர்த்தியாக என் வாழ்நாளில் மடிந்ததில்லை.

அடுத்த ஞாயிறு நடப்பவர்கள் கட்சிக்குக் கடைசிக் கூட்டம். நானும் போனேன், ஓரமாக நிற்கத்தான். எழுத்தக்கா அட்டையை நெஞ்சோடு பிடித்திருந்தார், முகம் நன்றாகத் தெரிந்தது. மாமியார் ஸ்டாண்டில் சாய்ந்து போகிறவர் வருகிறவர்களை எல்லாம் வம்புக்கு இழுத்துக்கொண்டிருந்தார். அப்போது தேய்த்த சட்டையும் வாரிய தலையுமாக முதலாளி வந்தார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு எழுத்தக்காவுக்கு நேர் எதிரில் வந்து நின்றார். காது மடல் சிவந்திருந்தது.

"நீ சொல்றது தப்பு" என்றார்.

சுற்றியிருந்தவர்கள் திரும்பினார்கள்.

"மூணடுக்கு கேக்கைக் கையில தூக்கிட்டு நடந்தவன் நான். ஒருதடவை வண்டி வாசல் வரைக்கும் வர முடியாம, பாதி வழியில மேலடுக்கு சரிஞ்சு போச்சு. அந்தக் கல்யாணப் பொண்ணு அழுதது இன்னும் என் காதுல இருக்கு. கடை வாசலுக்கு வண்டி வரணும். இது... இது என் கருத்து."

"கேக் சரிஞ்சா வேற கேக் பண்ணிக்கலாம்ப்பா. நான் சரிஞ்சா?" என்றார் மாமியார். கூட்டம் கொல்லென்று சிரித்தது. முதலாளியும் சிரித்துவிட்டார், ஆனால் பின்வாங்கவில்லை. "உங்களுக்கு நான் கை பிடிச்சு விடறேன் பெரியம்மா. கேக்குக்கு யாரு பிடிப்பா?" என்றார். அவருக்கு இப்படி மடக்கத் தெரியும் என்று யார் கண்டது! பின்னாலிருந்து நாலைந்து பேர், "யாரு அது? என்ன சொல்றாரு?" என்று எட்டிப் பார்த்தார்கள்.

எழுத்தக்கா அட்டையைத் தாழ்த்தினார். முகமெல்லாம் சிரிப்பு. பக்கத்தில் நின்றவர்களைக் கையால் ஒதுக்கி, அவர் நிற்க இடம் பண்ணிக் கொடுத்தார்.

"முதலாளி, பின்னாடி நிக்கறவங்களுக்குக் கேக்கலை" என்றார். "இன்னொரு தடவை, நல்லா சத்தமா சொல்லுங்க."

முதலாளி தொண்டையைச் செருமிக்கொண்டார். முதல் தடவையைவிட நன்றாகவே சொன்னார்.